பழைய அவமானத்திலிருந்து மீள கிறிஸ்தவ விசுவாசம் எப்படி உதவுகிறது?

குற்ற உணர்வு "தப்பு செய்துவிட்டேன்" என்று சொல்லும். வெட்கமோ "நானே தப்பான ஆள்" என்று சொல்லி ஒளிந்துகொள்ள வைக்கும். ஆதியாகமத்தில் ஆதாம் மரங்களுக்குள் ஒளிந்தது அதனால்தான். ஆனால் அங்கே "எங்கே இருக்கிறாய்?" என்று தேடி வருபவர் கடவுள். விசுவாசத்தின் பிடிமானமே இதுதான். சிலுவையின் அவமானத்தை இயேசுவே தாங்கினார் என்கிறது எபிரேயர் 12:2.

புதுச்சேரிக் கடலோர வீடுகளில் உப்புப் பூத்த சுவர்மேல் எத்தனை முறை பெயிண்ட் அடித்தாலும் உரிந்துவிடும். சுரண்டிக் காயவிட்டால்தான் பூச்சு நிற்கும். மறைத்த வெட்கமும் அப்படித்தான்.

கத்தோலிக்கருக்கு அதற்கான வழி பாவசங்கீர்த்தனம், அதாவது குருவானவரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது. பலர் தடுமாறுவது இங்கேதான்: "நிறைய பாவம் செய்தேன் சாமி" என்று பொதுவாக முடித்துவிடுகிறார்கள். உறுத்துகிற அந்த ஒன்றைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள், சாக்கு வேண்டாம். திருடிய பணமென்றால் திருப்பியும் கொடுக்க வேண்டும். உதாரணமாக, கடலூரில் இருக்கிற உங்களுக்குப் பங்குச்சாமியார் தெரிந்தவர் என்று கூச்சமா? புதுச்சேரி ரயில் நிலையம் அருகிலுள்ள இருதய ஆண்டவர் பசிலிக்கா போல வேறு கோயிலுக்குப் போகலாம், முகம் காட்டாமல் தடுப்புக்குப் பின்னாலிருந்தும் சொல்லலாம். கேட்டதை குருவானவர் யாரிடமும் சொல்லக்கூடாது. திருச்சபைச் சட்டம் 983 அதைத் தடுக்கிறது. மற்ற சபையினர் யாக்கோபு 5:16 சொல்வதுபோல் நம்பகமான ஒருவரிடம் அறிக்கையிட்டு, சேர்ந்து ஜெபிப்பார்கள்.

பிறர் இழைத்த கொடுமையால் வந்த வெட்கத்துக்கும் பாதிக்கப்பட்டவரே மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு, அங்கே பாவம் செய்தவர் வேறொருவர்.