கோர்ஸுக்குப் பணம் கட்டுவதற்கு முன்

அன்புள்ள அம்மா,

பி.எஸ்சி. புள்ளியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் மகளை ஒன்றரை லட்சம் கட்டி டேட்டா சயின்ஸ் கோர்ஸில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். ஆறு மாதம் தள்ளிப் போடுங்கள். அந்த ஆறு மாதத்தில் அவள் என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பக்கத்துத் தெருப் பையன் அந்தக் கோர்ஸ் முடித்து வேலைக்குப் போய்விட்டான் என்கிறீர்கள். போயிருக்கலாம், நல்லது. ஆனால் இப்படிப்பட்ட கோர்ஸ் முடித்தவர்களின் ரெஸ்யூமேக்கள் என் மேஜைக்கு நிறைய வருகின்றன. பெயரை மறைத்துவிட்டால் யாருடையது எது என்று தெரியாது. எல்லோரும் டைட்டானிக் கப்பலில் யார் பிழைத்தார்கள் என்று கணித்திருப்பார்கள், எல்லோரும் பாஸ்டன் நகர வீட்டு விலையைக் கணித்திருப்பார்கள். நேர்காணலில் "ஏன் இந்தக் கேள்வியை எடுத்தீர்கள்?" என்று கேட்டால் பதில் இருக்காது. சொல்லிக் கொடுத்தார்கள், செய்தார்கள், அவ்வளவுதான்.

உங்கள் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "அவளுக்கு ஆஸ்பத்திரி, வயசானவங்க, ஜனத்தொகை என்று கணக்குப் போடுவதில்தான் ஆசை, அதெல்லாம் ஒரு வேலையா சார்?" வேலைதான். அந்தத் துறைக்கு மக்கள்தொகையியல் என்று பெயர். அதோடு ஒட்டியே உயிர்ப்புள்ளியியலும் (மருத்துவம், உடல்நலம் சார்ந்த புள்ளியியல்) நோய்ப்பரவலியலும் (நோய் யாருக்கு, எங்கே, ஏன் வருகிறது என்ற படிப்பு) இருக்கின்றன. இந்தத் துறையில் ஒரு வசதி உண்டு. ஆராய்ச்சியாளர்கள் பயன்படுத்தும் அதே டேட்டாவைத்தான் உங்கள் மகளும் ஒரு பைசா செலவில்லாமல் எடுத்துப் பயன்படுத்தப் போகிறாள்.

முதலில் அவள் பார்க்க வேண்டியது தேசியக் குடும்ப நல ஆய்வு. என்.எஃப்.எச்.எஸ். என்றால் கல்லூரியில் தெரியும். 1992-93இல் தொடங்கியது. 2019-21இல் நடந்த ஐந்தாவது சுற்றில் நாடு முழுக்க ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போனார்கள், தமிழ்நாட்டில் மட்டும் ஏறக்குறைய 28 ஆயிரம் வீடுகள். அறிக்கையை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அவளுக்குத் தேவை அறிக்கைக்குப் பின்னால் இருக்கும் மூல டேட்டா. பெயரும் முகவரியும் நீக்கப்பட்டு, ஒரு பெண்ணுக்கு ஒரு வரி என்று இருக்கும் கோப்பு அது. என்ன ஆராய்ச்சிக்கு வேண்டும் என்று சில வரி எழுதிப் பதிவு செய்தால் தருவார்கள். இது சட்டப்படி சரியா என்று நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை, ஆராய்ச்சிக்காகவே வெளியிடப்படுகிறது. ஊரின் இருப்பிடத்தைக்கூட அப்படியே கொடுப்பதில்லை. நகரமென்றால் 2 கிலோமீட்டர் வரை, கிராமமென்றால் பெரும்பாலும் 5 கிலோமீட்டர் வரை வேண்டுமென்றே நகர்த்தித்தான் கொடுக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் கவனத்தில் வையுங்கள். இந்த டேட்டா உலகம் முழுக்க டி.எச்.எஸ். என்ற, பல நாடுகளின் மக்கள்தொகை, சுகாதார ஆய்வுகளுக்கான திட்டத்தின் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அதற்குப் பணம் கொடுத்தது அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யு.எஸ்.எய்ட். 2025 தொடக்கத்தில் அந்த நிதி நின்றபோது திட்டமும் ஸ்தம்பித்தது. பொது டேட்டா என்றால் என்றைக்கும் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. அனுமதி கிடைத்த அன்றே கோப்பை இறக்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கோப்பைத் திறந்தவுடன் சராசரி போடக் கூடாது. புதிதாக வருகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். 2011 கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்டத்தில் ஐந்தரை லட்சம் பேருக்குச் சற்று அதிகம், சென்னையில் 46 லட்சம் பேர். மாவட்ட வாரியாகவும் முடிவு சொல்ல வேண்டும் என்பதால் சின்ன மாவட்டத்திலும் போதுமான வீடுகளை எடுத்தாக வேண்டும். ஆகவே பெரம்பலூரில் பேட்டி எடுக்கப்பட்ட ஒரு பெண் சில நூறு பேருக்காகப் பேசுகிறாள் என்றால், சென்னையில் ஒரு பெண் அதைப்போலப் பல மடங்கு பேருக்காகப் பேசுகிறாள். இருவரையும் ஒன்று ஒன்று என்று எண்ணினால் தமிழ்நாட்டின் சராசரி தப்பாக வரும். அதற்காகத்தான் ஒவ்வொரு வரியிலும் ஒரு எடை கொடுத்திருப்பார்கள். பெண்கள் கோப்பில் அதன் பெயர் வி005. அதைப் பத்து லட்சத்தால் வகுத்துப் பயன்படுத்த வேண்டும். மாதிரிக் கணக்கெடுப்பு பற்றி அவள் இரண்டாம் ஆண்டில் படித்த பாடம் முழுக்க இந்த ஒரு எண்ணில் உட்கார்ந்திருக்கிறது. எடை போடாமல் ஒரு விடை, போட்டு ஒரு விடை, இரண்டுக்கும் நடுவே ஏன் இவ்வளவு வித்தியாசம்? இதை அவள் தன் வாயால் விளக்க முடிந்தால், ஒன்றரை லட்சம் கோர்ஸில் கிடைக்காத ஒன்று கைக்கு வந்துவிட்டது.

சாஃப்ட்வேருக்குச் செலவு வேண்டாம். ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருள் இலவசம். அதே வேலைக்கான ஸ்டேட்டா விலை அதிகம், கல்லூரியில் இருந்தால் பழகட்டும். நாடு முழுவதற்குமான பெண்கள் கோப்பில் ஏழு லட்சம் வரிகளுக்கு மேல் உண்டு, பத்தி ஆயிரக்கணக்கில். சாதாரண லேப்டாப் திணறிவிடும். தேவையான பத்திகளை மட்டும் படிக்க ஆர்-இல் வழி இருக்கிறது, தமிழ்நாட்டை மட்டும் பிரித்து வைத்துக்கொண்டால் போதும்.

சரி, என்ன கேள்வியை எடுப்பது? இரண்டு சொல்கிறேன், ஏதாவது ஒன்று போதும்.

தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக எத்தனை குழந்தை? என்.எஃப்.எச்.எஸ். ஐந்தாவது சுற்று 1.8 என்கிறது. மாதிரிப் பதிவு முறையின் 2020 அறிக்கை 1.4 என்கிறது. ஒரே மாநிலம், ஏறக்குறைய ஒரே காலம், இரண்டுமே மத்திய அரசு வெளியிட்ட எண்கள். செய்தித்தாளில் ஒரு நாள் ஒன்று வரும், இன்னொரு நாள் மற்றது வரும். ஏன் என்று கேட்பவர் குறைவு.

முந்தையது பெண்களிடம் போய், பிறந்த குழந்தைகளின் தேதிகளைக் கேட்டு, கடந்த மூன்று ஆண்டுப் பிறப்புகளிலிருந்து கணக்கிடுகிறது. மற்றது தேர்ந்தெடுத்த ஊர்களில் வருடம் முழுக்க ஒருவர் பிறப்பையும் இறப்பையும் பதிவு செய்துகொண்டே வர, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு மேற்பார்வையாளர் தனியாகப் போய் விசாரித்து எழுத, இரண்டு பட்டியலையும் ஒப்பிட்டு, பொருந்தாதவற்றை மறுபடி நேரில் போய்ச் சரிபார்ப்பது. இரண்டு பட்டியல் என்ற யோசனைக்குப் பின்னால் ஓர் அழகான கணக்கு இருக்கிறது. சி. சந்திரசேகரன், டெமிங் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் 1949இல் எழுதிய கட்டுரை அது, கொல்கத்தா பக்கம் சிங்கூரில் திரட்டிய பதிவுகளை வைத்து எழுதியது. ஓர் ஊரில் பதிவேட்டில் 80 பிறப்பு இருக்கிறது, வீடு வீடாகப் போனவர் 70 கண்டுபிடிக்கிறார், இரண்டிலும் இருப்பவை 56 என்று வைத்துக்கொள்ளுங்கள். போனவர் கண்ட 70இல் 56 பதிவேட்டில் உண்டு, அதாவது நூற்றுக்கு எண்பது. அப்படியென்றால் பதிவேடு உண்மையில் நடந்ததில் எண்பது சதவீதத்தைத்தான் பிடித்திருக்கிறது, மொத்தம் 100 பிறப்பு நடந்திருக்க வேண்டும். இரண்டு பட்டியலையும் சேர்த்தால் 94தான். யாருமே எழுதாத ஆறு குழந்தைகள் இருக்கின்றன என்று, பார்க்காமலே சொல்லிவிடலாம். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கேட்காமல் எழுதியிருக்க வேண்டும் என்பதுதான் முக்கிய நிபந்தனை. இதை எந்த வகுப்பில் சொன்னாலும் பின் வரிசை நிமிர்ந்து உட்காரும், நான் பார்த்திருக்கிறேன்.

1.8, 1.4 இரண்டில் எது சரி என்று அவள் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. மாதிரியின் அளவு, பிழை எல்லை, கேட்கும் முறை, எந்தக் காலப் பிறப்புகள் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, வித்தியாசத்தில் எவ்வளவை எதனால் விளக்க முடிகிறது என்று எழுதினால் போதும்.

இரண்டாவது கேள்வி முதியவர்களைப் பற்றியது, அவளுடைய ஆசையும் அதுதான் போலிருக்கிறது. 2011இல் தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்கு 10.4 பேர். அரசின் மக்கள்தொகை மதிப்பீட்டின்படி 2021இல் 13.6, 2031இல் 18.2. கேரளம் மட்டும்தான் நமக்கு முன்னால் தெளிவாகப் போய்க்கொண்டிருக்கிறது. இவர்களைப் பற்றி இந்தியாவில் இருக்கும் மிகப் பெரிய டேட்டா லாசி (LASI) என்ற முதுமை ஆய்வு. மும்பையில் உள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம், ஹார்வர்டு, தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் ஆகியவை சேர்ந்து 2017-18இல் நடத்தியது. 45 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள், எந்த வயதானாலும் அவர்களின் கணவன் அல்லது மனைவி என்று மொத்தம் 72 ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள். கேள்வி மட்டும் கேட்டுவிட்டு வரவில்லை, கைப்பிடி வலுவையும் நடைவேகத்தையும் அளந்தார்கள், ரத்த அழுத்தத்தை மூன்று முறை பார்த்தார்கள், பத்துச் சொற்களைச் சொல்லிக் கொஞ்ச நேரம் கழித்து எத்தனை நினைவிருக்கிறது என்று கேட்டார்கள். இதன் கிளையாக 60 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடந்த மறதி நோய் ஆய்வுதான், இந்தியாவில் அந்த வயதினரில் 7.4 சதவீதம் பேருக்கு அந்த நோய் இருப்பதாக 2023இல் சொன்னது. பள்ளிக்கே போகாத பாட்டிக்கு எழுத்தில்லாமல் ஞாபகசக்தித் தேர்வு வைப்பது எப்படி என்பது அதற்குள் இருக்கும் தனிச் சிக்கல். அவளுக்குப் பிடிக்கலாம்.

நான் சொல்லும் கேள்வி எளிது. "உங்களுக்கு ரத்த அழுத்தம் இருப்பதாக மருத்துவர் சொல்லியிருக்கிறாரா?" என்று லாசியில் கேட்டிருக்கிறார்கள், அளந்தும் பார்த்திருக்கிறார்கள். இல்லை என்றவர்களில் எத்தனை பேருக்கு 140-90க்கு மேல் காட்டியது? அவர்கள் ஆணா பெண்ணா, கிராமமா நகரமா, தனியாக இருப்பவர்களா? தமிழ்நாட்டு அரசு 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைத் தொடங்கியது. லாசி அதற்கு மூன்று நான்கு வருடம் முந்தையது, அதனால் திட்டத்தின் பலனை இதை வைத்து அளக்க முடியாது. ஆனால் தேடிப் போவதற்கு முன்னால் நிலைமை எப்படி இருந்தது என்று காட்டலாம். இந்த வேறுபாட்டை அவள் கட்டுரையில் தெளிவாக எழுதினாலே படிப்பவர் அவளை நம்புவார். அமெரிக்காவில் 1992 முதல் நடக்கும் எச்.ஆர்.எஸ்., இங்கிலாந்தின் எல்சா, சீனாவின் சார்ல்ஸ் எல்லாம் இதற்கு அக்கா தங்கை ஆய்வுகள். கேள்விகள் ஒத்துப்போகும்படி வைத்திருப்பதால் நாடுகளை ஒப்பிடலாம். அதை இப்போது தொட வேண்டாம், ஆசையில் அகலக்கால் வைத்துவிடுவார்கள்.

அப்புறம் உங்கள் உண்மையான கேள்வி, சம்பளம்.

மறைக்காமல் சொல்கிறேன். பட்டப்படிப்பு மட்டும் வைத்துக்கொண்டு இந்தத் துறையில் நுழைந்தால் கிடைப்பது பெரும்பாலும் ஒரு திட்டத்தில் ஒப்பந்த வேலை, ஒரு வருடம், மறுபடி புதுப்பித்தால் உண்டு. ஐ.டி. கம்பெனிக்குப் போன தோழியைவிட முதல் சில வருடம் குறைவாகத்தான் வாங்குவாள். முதுநிலைப் படிப்பு கிட்டத்தட்டக் கட்டாயம். மேலே சொன்ன மும்பை நிறுவனம் 1956இல் தொடங்கியது, இந்தத் துறைக்கென்றே இருக்கிறது, தேவனாரில் விடுதி உண்டு. அவ்வளவு தூரம் அனுப்ப மனமில்லை என்றால் வேலூர் சி.எம்.சி.யில் எம்.எஸ்சி. உயிர்ப்புள்ளியியல் இருக்கிறது. சென்னை அயப்பாக்கத்தில் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் பொதுச் சுகாதாரத்தில் முதுநிலை நடத்துகிறது. சேர்க்கைத் தகுதியை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள், மாறிக்கொண்டே இருக்கும்.

அரசு வேலை வேண்டும் என்று அவள் அப்பா சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். புள்ளியியல் படித்தவர்களுக்கென்றே யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வு உண்டு. இடங்கள் குறைவு, ஆனால் போட்டிக்கு வருபவர்களும் ஐ.ஏ.எஸ். அளவுக்கு இல்லை. எஸ்.எஸ்.சி. வழியாக இளநிலைப் புள்ளியியல் அலுவலர், டி.என்.பி.எஸ்.சி. வழியாக உதவிப் புள்ளியியல் ஆய்வாளர். இவற்றுக்குப் படித்துக்கொண்டே நான் சொன்ன வேலையையும் செய்யலாம், இரண்டும் மோதாது. தனியார் பக்கம் மருந்துப் பரிசோதனை நிறுவனங்கள் உயிர்ப்புள்ளியியல் தெரிந்தவர்களை எடுக்கின்றன. காப்பீட்டு நிறுவனங்களில் ஆக்சுவரி என்ற பணி இருக்கிறது, எந்த வயதில் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்ற இறப்பு அட்டவணையை வைத்துப் பிரீமியம் கணக்கிடும் வேலை. தேர்வுகள் நீளும், முடித்தவர்களுக்குச் சம்பளம் மிக நன்றாக இருக்கும்.

இன்னொன்று. 2011க்குப் பிறகு நாட்டில் கணக்கெடுப்பே முடியவில்லை. 2021இல் நடக்க வேண்டியது கொரோனாவால் தள்ளிப்போய், இப்போது 2027 மார்ச் 1ஐக் குறிப்பு நாளாக வைத்து அறிவித்திருக்கிறார்கள். "சென்சஸில் ஆள் எடுக்கிறார்கள், பணம் கட்டினால் போதும்" என்று யாராவது வந்தால் நம்பாதீர்கள். வீடு வீடாகப் போகும் கணக்கெடுப்பாளர்கள் பெரும்பாலும் ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும்தான். ஆனால் அந்த டேட்டா வெளிவரும் நேரத்தில் உங்கள் மகள் முதுநிலை முடித்திருப்பாள். பதினாறு வருடமாக மதிப்பீட்டை வைத்தே ஓட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு துறைக்கும் அப்போது புது எண்களைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியது இவ்வளவுதான். இந்த வாரமே என்.எஃப்.எச்.எஸ்., லாசி இரண்டுக்கும் கல்லூரி மின்னஞ்சலில் விண்ணப்பிக்கட்டும், துறைத்தலைவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு. டேட்டா வரும்வரை இரண்டு ஆய்வுகளின் கேள்வித்தாளையும் ஒரு வரி விடாமல் படிக்கட்டும். பிறகு ஒரே ஒரு கேள்வி, இரண்டு அட்டவணை, ஒரு வரைபடம், நான்கு பக்கம். தமிழில் எழுதினாலும் சரி. மூன்று மாதத்தில் இதைத் தொடாமலே இருந்தாள் என்றால் ஆசை பேச்சோடு நிற்கிறது என்று அர்த்தம், அப்போது கோர்ஸைப் பற்றி யோசிப்போம். எழுதி முடித்தால் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், அதைப் பார்த்துவிட்டு எந்த நுழைவுத் தேர்வு என்று அவளோடு நேரடியாகப் பேசுகிறேன்.