"யார் அழுத்தினது?" என்று கேட்காதீர்கள்

வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளில் 26 வருடம் வேலை பார்த்தவன் நான், கடைசி 14 வருடம் உற்பத்தி மேலாளராக. தலைமை, வேலைச்சூழல் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

கேள்வி: சார், தப்பான பீஸ் போனாலும் எங்கள் உற்பத்தி லைனில் யாரும் வாய் திறப்பதில்லை. ஆட்கள் சரியில்லையோ?

அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்டில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஒரு கார் ஆலை இருந்தது. பலர் வேலையில் மனசே இல்லாமல் வருவார்கள். தினமும் ஐந்தில் ஒருவர் வரவே மாட்டார். என்ன கோளாறு வந்தாலும் லைன் நிற்கக் கூடாது என்பது அங்கே சட்டம். 1982-ல் ஆலையை மூடினார்கள். 1984-ல் டொயோட்டாவும் சேர்ந்து 'நும்மி' என்ற பெயரில் அதைத் திறந்தபோது, வேலைக்கு எடுத்ததில் பெரும்பாலோர் அதே பழைய ஆட்கள். சங்கமும் அதேதான். புதிதாக வந்தது தலைக்கு மேலே ஒரு கயிறு. கோளாறைப் பார்த்தவர் அதை இழுத்தால் டீம் லீடர் உதவிக்கு ஓடி வருவார், தேவைப்பட்டால் லைனே நிற்கும். கொஞ்ச காலத்திலேயே தரத்தில் அந்த ஆலை முன்னணிக்கு வந்தது, லீவு போடுவதும் வெகுவாகக் குறைந்தது. அதனால் ஆட்களை மாற்ற யோசிக்காதீர்கள்.

கேள்வி: நாங்களும் அந்தக் கயிறு மாதிரி, கோளாறைப் பார்த்தால் அழுத்த ஒரு பட்டன் வைத்தோம். ஒருத்தரும் தொடுவதில்லையே?

எனக்கும் அப்படித்தான் ஆனது. மூன்று வாரம் அந்தச் சிவப்பு பட்டன் தூசி படிந்து கிடந்தது. நான்காவது வாரம் நைட் ஷிஃப்டில் ஒரு பெண் அழுத்தினார். ஓடி வந்த சூப்பர்வைசர் கேட்ட முதல் வார்த்தை, "யாரு அழுத்தினது?" அந்தப் பெண் இரண்டு கையையும் ஏப்ரன் பைக்குள் விட்டுக்கொண்டு தலைகுனிந்து நின்றார். அந்தக் காட்சி இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

மறுநாள் எல்லோர் முன்னாலும் அந்த பீஸை வெர்னியர் அளவுகோலில் வைத்து அளந்து காட்டினேன். துளை கால் மில்லிமீட்டர் பெரிது. அவருக்கு அங்கேயே நன்றி சொன்னேன். இனி முதல் கேள்வி "என்ன ஆச்சு?" மட்டும்தான் என்று சூப்பர்வைசர்களிடம் உறுதியாகச் சொன்னேன். அடுத்த வாரம் பட்டன் ஆறு தடவை அடித்தது. அதில் இரண்டு தேவையில்லாதவை. அதற்கும் நன்றி சொன்னோம்.

கேள்வி: சம்பளம் ஏற்றாமல் உற்சாகம் வர வழி உண்டா?

இல்லை. ஓ.டி. (கூடுதல் நேர வேலை) காசு சொன்ன தேதிக்கு வராத இடத்தில் கைதட்டினால் கோபம்தான் வரும். அதை முதலில் சரிசெய்யுங்கள்.

கேள்வி: அண்ணா, புதிதாக டீம் லீடர் ஆகியிருக்கிறேன். குழுவில் ஒருவர் தப்பு செய்தால் மேலே என்ன சொல்வது?

தம்பி, பெயரைக் கொடுக்காதீர்கள். 1979 ஆகஸ்டில் எஸ்.எல்.வி-3 ராக்கெட்டின் முதல் ஏவுதல் தோற்றபோது, திட்டத்தை நடத்தியவர் அப்துல் கலாம். பத்திரிகையாளர்களைச் சந்தித்துப் பொறுப்பேற்றவரோ இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலையில் ராக்கெட் வெற்றிகரமாகப் போனதும், பேசச் சொல்லிக் கலாமை அனுப்பினார். இதைக் கலாமே பல மேடைகளில் நெகிழ்ந்து சொல்லியிருக்கிறார். மேலே போய், "என் குழுவில் நடந்தது, இப்படிச் சரிசெய்கிறோம்" என்று சொல்லுங்கள். தப்பு செய்தவரோடு தனியாக உட்கார்ந்து, எங்கே சறுக்கியது என்று பாருங்கள். அன்றைக்கே பாருங்கள், தள்ளிப் போட வேண்டாம்.