கையில் ஸ்பேனர், வாயில் கட்டளை: தொழிற்சாலை ஸ்மார்ட் கிளாஸ் கேள்வி பதில்

ஆரல்வாய்மொழி காற்றாலை, குலசேகரம் பக்கத்து ரப்பர் ஆலை, குளச்சல் ஐஸ் பிளாண்ட் என்று பல இடங்களிலிருந்து வந்த கேள்விகள் இவை. தலையில் மாட்டிக்கொண்டு, ஒரு கண்ணுக்கு முன்னே உள்ள சின்னத் திரையைப் பார்த்து, குரலாலேயே இயக்கும் கருவி இது. ரியல்வேர் நிறுவனத்தின் எச்எம்டி-1, நேவிகேட்டர் 500 ஆகிய இரண்டு மாடல்களை மனதில் வைத்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

அண்ணாச்சி, பெட்டியைப் பிரிச்சாச்சு. க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணச் சொல்லுது, ஆனா ஸ்கிரீன் பாதிதான் தெரியுது. எங்கே தொடங்கணும்? (ஆரல்வாய்மொழி)

க்யூஆர் அப்புறம். முதலில் எந்தக் கண் உங்களுக்கு முதன்மைக் கண் என்று பாருங்கள். இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே சின்ன முக்கோண இடைவெளி விட்டு, தூரத்துக் காற்றாடி ஒன்றின் நடுப்பகுதியை அதற்குள் வையுங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். எந்தக் கண் மட்டும் திறந்திருக்கும்போது காற்றாடி இடைவெளிக்குள்ளேயே நிற்கிறதோ அதுதான். திரையைத் தாங்கும் கருவியின் கை (திரைக்கை) அந்தப் பக்கம் வரவேண்டும். பக்கம் மாற்றினால் படம் தானாகவே நிமிர்ந்துகொள்ளும்.

அடுத்தது உயரம். நிறையப் பேர் திரையைக் கண்ணுக்கு நேர் எதிரே வைத்துவிட்டு, அரை மணி நேரத்தில் தலைவலி என்று கழற்றிவிடுகிறார்கள். பார்வைக் கோட்டுக்குச் சற்றுக் கீழே வையுங்கள். காரில் மீட்டரைப் பார்ப்பதுபோல், தேவைப்படும்போது கண்ணைத் தாழ்த்திப் பார்த்தால் போதும். இமையிலோ பாதுகாப்புக் கண்ணாடியிலோ முட்டாத அளவுக்கு அருகே கொண்டுவந்து, மற்றக் கண்ணை மூடிக்கொண்டு நான்கு மூலையும் தெரிகிறதா பாருங்கள். இடது ஓரம் மட்டும் வெட்டுப்பட்டால் திரைக்கையை நகர்த்தாதீர்கள், திரையின் முனையை மட்டும் லேசாகத் திருப்புங்கள். இதையெல்லாம் ஹெல்மெட் போட்ட பிறகு இன்னொரு தடவை செய்யணும். ஹெல்மெட் பட்டை அழுத்தியதும் சட்டகம் இறங்கிவிடும்.

க்யூஆரில் வைஃபை விவரம் கொடுத்தும் இணைப்பு வரவில்லை. வந்தாலும் வீடியோ கால் பேசும் டீம்ஸ் ஆப்பில் நுழைய முடியவில்லை. (தக்கலை)

பெயரிலும் பாஸ்வேர்டிலும் பெரிய எழுத்து, சின்ன எழுத்து, கடைசியில் ஒட்டிக்கொண்ட ஒரு இடைவெளி, இவைதான் பெரும்பாலும் காரணம். பிரவுசரில் ஓடிபி கேட்கும் வகை வைஃபையைத் தவிருங்கள், தலையில் மாட்டிய கருவியில் அது தீராத் தொல்லை. போன் ஹாட்ஸ்பாட்டே நல்லது. இணைப்பு வந்தும் உள்நுழைவு தோற்றால் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். பேட்டரி நாள்கணக்கில் காலியாகக் கிடந்தால் கடிகாரம் பின்தங்கிவிடும், கருவி சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழை ஏற்காது. நேர மண்டலத்தில் கொல்கத்தாவைத் தேர்ந்தெடுங்கள். ஸ்கேன் ஆகாவிட்டால் க்யூஆர் கோடு காட்டும் போன் திரையின் வெளிச்சத்தைக் கூட்டி, ஒரு கை தூரத்தில் அசையாமல் பிடியுங்கள். மிக அருகே கொண்டுபோனால் கேமரா ஃபோகஸ் ஆகாது.

நான் சொல்றது அதுக்குப் புரியவே மாட்டேங்குது. கத்தினாலும் கேட்கல. (குளச்சல், படகு என்ஜின் பட்டறை)

கத்துவதுதான் முதல் சிக்கல். குரல் பிளந்துபோகிறது, கருவிக்குப் பிடிபடுவதில்லை. பக்கத்தில் நிற்பவரிடம் பேசுகிற குரல் போதும்.

இந்தக் கருவி நீங்கள் பேசுவதையெல்லாம் எழுதிப் புரிந்துகொள்வதில்லை. அந்த நேரத்தில் திரையில் உள்ள கட்டளைகள், எப்போதும் செல்லும் சில பொதுக் கட்டளைகள், இந்தச் சின்னப் பட்டியலோடு மட்டும் உங்கள் குரலை ஒப்பிடுகிறது. அதனால்தான் நெட் இல்லாமலும், இரைச்சலிலும் வேலை செய்கிறது. ‘நேவிகேட் ஹோம்’ என்று இருந்தால் ‘கோ ஹோம்’ செல்லாது. எது செல்லும் என்று தெரியாதபோது ‘ஷோ ஹெல்ப்’ சொல்லுங்கள்.

சொல்லும் விதமும் முக்கியம். ‘நேவிகேட்’ என்று சொல்லி, வந்ததா என்று பார்த்துவிட்டு ‘ஹோம்’ என்றால் இரண்டும் தனித்தனியாகப் போய்விடும், ஒரே மூச்சில் சொல்லணும். நம் ஊர் வாய்க்கு ‘பேக்கு’, ‘ஹோமு’ என்று கடைசியில் ஒரு உகரம் ஒட்டிக்கொள்ளும், அதை வெட்டுங்கள். தூசிக்காக முகத்தில் துண்டு கட்டியிருந்தால் அது சட்டகத்தின் மைக் துளைகளை மூடுகிறதா பாருங்கள். இவ்வளவுக்கும் அசையவில்லை என்றால் மைக் மியூட்டில் கிடக்கலாம்.

நெசலுக்குள் (காற்றாலைக் கோபுர உச்சியில் ஜெனரேட்டர் இருக்கும் பெட்டி) மேலே ஏறினால் காற்றிரைச்சல். ஆனி, ஆடியில் பேசவே முடியாது. (முப்பந்தல்)

வேலை நடக்கும்போது இயந்திரத்தை நிறுத்தி ரோட்டாரைப் பூட்டியிருப்பீர்கள், ஆகவே மிச்சம் இருப்பது காற்றும் ஹைட்ராலிக் பம்ப்பும். எச்எம்டி-1க்கு 95 டெசிபல் வரையிலான இரைச்சலைத் தாங்கும் என்று சொல்லப்பட்டிருக்கிறது. சீரான இயந்திர ஓசையை அது நன்றாக வடிகட்டும், மைக்கில் நேராக மோதும் காற்றுதான் எதிரி. மூடியைத் திறந்து தலையை நீட்டியபடி கட்டளை கொடுக்காதீர்கள், முதுகைக் காற்றுக்குக் காட்டுங்கள். மறுமுனையில் பேசுபவர் குரலுக்கு 3.5 மிமீ ஜாக்கில் காது அடைப்பான் ஹெட்போன் செருகுங்கள். சட்டகத்தின் சின்ன ஸ்பீக்கரை நம்பி அங்கே பயனில்லை.

ஏணி ஏறும்போது திரைக்கையைக் கண்ணிலிருந்து விலக்கி மேலே தள்ளிவிடுங்கள். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

மேலே போனால் வீடியோ கால் உறைந்துவிடுகிறது.

எஃகுக் குழாய்க் கோபுரத்துக்குள் சிக்னல் நுழையாது. பழைய ஜாலிக் கோபுரங்களிலும் ஃபைபர் மூடி போட்ட நெசலிலும் ஓரளவு வரும். ஹாட்ஸ்பாட் போனைச் சட்டைப்பையில் வைக்காமல் நெசல் மூடியோரம் வையுங்கள். மேலேற்ற வேகம் 1.5 எம்பிபிஎஸ் நிலையாக இல்லையென்றால் நேரலையை விட்டுவிட்டு ‘மை கேமரா’, ‘டேக் போட்டோ’ என்று படம் பிடித்துக் கீழே வந்து அனுப்புங்கள். பேரிங்கில் உள்ள கீறலைக் காட்ட உறையும் வீடியோவைவிடத் தெளிவான நான்கு போட்டோ மேல்.

எனக்கு வயசு ஐம்பதுக்கு மேல, பைஃபோகல் கண்ணாடி. எழுத்து மங்கல். (மார்த்தாண்டம்)

திரை கண்ணுக்குப் பக்கத்தில் இருந்தாலும் படம் ஏறக்குறைய 1 மீட்டர் தூரத்தில் இருப்பதாகத்தான் கண் உணரும். நீங்கள் கீழே பார்க்கும்போது படிக்கும் வில்லை வழியாகப் பார்க்கிறீர்கள், அது அரை மீட்டருக்கும் குறைந்த தூரத்துக்கானது. திரையைச் சற்று உயர்த்தி மேல் வில்லை வழியாகப் பாருங்கள். தீராவிட்டால் 1 மீட்டர் தூரத்துக்கு மட்டும் ஒரு கண்ணாடி எழுதித் தரும்படி கண் டாக்டரிடம் கேளுங்கள்.

ஐஸ் பிளாண்ட் கம்ப்ரசர் அறையில் போடலாமா?

சாதாரண மாடல்கள் வெடிப்பு அபாயப் பகுதிக்குச் சான்று பெற்றவை அல்ல. அம்மோனியா காற்றில் ஏறக்குறைய 15 முதல் 28 சதவீதம் கலந்தால் தீப்பிடிக்கும். காற்றோட்டமுள்ள அறையில் வழக்கமான பரிசோதனை என்றால் பாதுகாப்பு அதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதியோடு பயன்படுத்தலாம், கசிவு என்றால் கூடவே கூடாது. அபாயப் பகுதி என்று வரையறுத்த இடத்துக்கு எச்எம்டி-1இசட்1 போன்ற சான்று பெற்ற மாடல் வேண்டும், நம் நாட்டு பெசோ (வெடிபொருள் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பு) ஒப்புதலையும் வாங்கும் முன்பே கேளுங்கள்.

கடற்காற்று, உப்பு? பேட்டரி?

ஐபி66 என்பது தூசிக்கும் பீய்ச்சும் நீருக்கும்தான், கடலில் விழுந்தால் காப்பாற்றாது. அதுவும் போர்ட் மூடிகள் சரியாக அடைத்திருந்தால்தான். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, பேட்டரியின் உலோக முனைகளை உலரவிடுங்கள். சட்டகத்துக்கு 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், திரைக்கு மைக்ரோஃபைபர் துணி மட்டும். வேட்டி நுனியால் துடைத்தால் உப்புப் பொடியே கீறல் போடும்.

எச்எம்டி-1ஐ அணைத்துவிட்டுத்தான் பேட்டரி மாற்றணும். நேவிகேட்டர் 500இல் ஓடும்போதே மாற்றலாம். ஷிப்ட் முழுக்க வரும் என்ற கணக்கு வீடியோ கால் இல்லாத நாளுக்கு, தொடர்ந்து கால் ஓடினால் உதிரி பேட்டரி கட்டாயம்.

எங்கள் ரப்பர் ஆலைக்கு எழுதிய ஆப்பில் படப் பொத்தான்கள். அதற்கு என்ன சொல்வது? (குலசேகரம்)

எழுத்து உள்ள பொத்தானை அந்த எழுத்தைச் சொல்லியே அழுத்தலாம். படப் பொத்தானுக்குக் கருவி ஒரு எண் போடும், ‘செலக்ட் ஐட்டம் த்ரீ’ என்று சொல்லுங்கள். ஆப் எழுதியவரிடம் ஒவ்வொரு படத்துக்கும் விவரக் குறிப்பில் சொல்லவேண்டிய கட்டளையை எழுதச் சொன்னால் அதுவே குரல் கட்டளையாகிவிடும். ‘ஸ்டார்ட்’, ‘ஸ்டாப்’ போல ஒன்றுபோல் ஒலிப்பவற்றை ஒரே திரையில் வைக்க வேண்டாம். ‘ஸ்டார்ட் மிக்சர்’, ‘எண்ட் பேட்ச்’ என்று பிரித்து வைக்கச் சொல்லுங்கள்.