பங்காளி வேறு லீகுக்குப் போய்விட்டான்

கேள்வி: 1995-இல் மேற்படிப்புக்காக அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் புல்மன் ஊருக்கு வந்தேன். வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகம். ஃபுட்பால் என்றால் காலால் உதைப்பது என்று அதுவரை நினைத்திருந்தவன் நான். முதல் சீசனிலேயே எங்கள் கல்லூரி அணியான ‘கூகர்ஸ்’ பைத்தியம் பிடித்தது, 30 வருடமாக விடவில்லை. இப்போது வீடும் வேலையும் சியாட்டில் பக்கம். எங்கள் அணி ஆடும் பேக்-12 என்ற கான்ஃபரன்ஸிலிருந்து, அதாவது கல்லூரிக் கூட்டணியிலிருந்து, 2022, 2023 இரண்டே வருடத்தில் பத்துக் கல்லூரிகள் கிளம்பிவிட்டன. மிஞ்சியது நாங்களும் ஒரிகன் ஸ்டேட்டும்தான். போனவர்களில் எங்கள் பரம எதிரி வாஷிங்டன் பல்கலைக்கழகமும் உண்டு. அதிலிருந்து எனக்கு ஆட்ட நாளான சனிக்கிழமையே பிடிப்பதில்லை. இந்த லட்சணத்தில் என் மகள் 2024-இல் அதே வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருக்கிறாள். “அது வெறும் டிவி கான்ட்ராக்ட்ப்பா, இதுக்குப் போய் துக்கம் கொண்டாடுறீங்களே” என்கிறாள். மனைவி சிரிக்கிறார். கல்லூரிக்கு வருடாவருடம் அனுப்பும் நன்கொடையை நிறுத்திவிட்டு இந்த விளையாட்டையே தலைமுழுகிவிடலாமா? ஐம்பத்து மூன்று வயதில் இப்படி இருப்பது பைத்தியக்காரத்தனமா, சார்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சியாட்டில்

பதில்: பைத்தியக்காரத்தனம் இல்லை. ஆனால் எது போனதற்காக வருந்துகிறீர்கள் என்பதில் ஒரு சின்னக் குழப்பம் இருக்கிறது. பேக்-12 உடைந்தது என்கிறீர்கள். சரி, கொலராடோ போனது வலித்ததா? யூட்டா? இரண்டும் 2011-இல்தான் வந்து சேர்ந்தவை. வந்த மாதிரியே போய்விட்டன. உங்கள் கடிதத்தில் அவற்றின் பெயர்கூட இல்லை. பெயர் சொல்லி எழுதியது ஒரே ஒரு கல்லூரியைத்தான், அதற்கும் ‘பரம எதிரி’ என்று பட்டம் கொடுத்திருக்கிறீர்கள்.

இந்த விளையாட்டை அறியாத வாசகர்களுக்காக ஒரு பத்தி. அமெரிக்கக் கல்லூரிகள் பத்துப் பன்னிரண்டாகச் சேர்ந்து தங்களுக்குள் வருடாவருடம் மோதிக்கொள்ளும் கூட்டணிக்குக் கான்ஃபரன்ஸ் என்று பெயர். முக்கால்வாசி, கார் ஓட்டிப் போகும் தூரத்தில் இருக்கும் கல்லூரிகளாகவே இருந்தன. பேக்-12-இன் வேர் 1915-இல் தொடங்கிய பசிபிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ். வாஷிங்டன் ஸ்டேட் அதில் 1917-இல் சேர்ந்தது. எந்த ஆட்டத்தை டிவியில் காட்டுவது என்பதை நாடு முழுவதற்கும் ஒரே அமைப்பு, என்.சி.ஏ.ஏ., தன் கையில் வைத்திருந்தது. ஒக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் போட்ட வழக்கில் 1984-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிடியை உடைத்தது. அப்புறம் அவரவர் சரக்கை அவரவர் விற்கலாம் என்றானது. கூட்டமாக விற்றால் விலை கூடும், கூட்டத்தில் பெரிய பெயர்கள் இருந்தால் இன்னும் கூடும். 2022-இல் பிக் டென் கான்ஃபரன்ஸ் மூன்று டிவி நிறுவனங்களோடு போட்ட ஏழு வருட ஒப்பந்தம் 700 கோடி டாலருக்கும் மேல் என்று செய்தி வந்தது. அந்தக் கணக்கில்தான் லாஸ் ஏஞ்சலிஸில் இருக்கும் கல்லூரி இப்போது ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர் பறந்து நியூ ஜெர்சியில் போய் லீக் ஆட்டம் ஆடுகிறது. பேர் பிக் டென், உள்ளே இருப்பது பதினெட்டு. கணக்கு வாத்தியார் யாரும் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

இப்போது உங்கள் விஷயம். நம் பக்கத்தில் பங்காளி என்று ஒரு சொல் இருக்கிறது. பங்குக்கு உரியவன், அதனாலேயே சண்டைக்கும் உரியவன். வாஷிங்டன் பல்கலைக்கழகம் உங்களுக்குப் பங்காளி. ஒரே மாநில வரிப்பணம், ஒரே ஊர்ப் பிள்ளைகள், நடுவில் ஐந்து மணி நேரக் கார்ப் பயணம். அவர்கள் நகரத்துக்காரர்கள், நீங்கள் கோதுமைக் காட்டுக்காரர்கள். 1900-இல் முதலில் மோதியபோதே 5-5 என்று யாருக்கும் ஜெயம் இல்லாமல் முடிந்த சண்டை. பிறகு ஆப்பிள் கப் என்று பெயரும் வந்தது. அது எப்போது நடக்கும்? நவம்பர் கடைசியில், தேங்க்ஸ்கிவிங் பண்டிகையை ஒட்டி, சீசனின் கடைசி ஆட்டமாக. 1992-இல் புல்மனில் பனி கொட்டக் கொட்ட உங்கள் ஆட்கள் 42-23 என்று அடித்ததை நீங்கள் போய் இறங்கிய வருடமும் ஊரில் பேசிக்கொண்டிருந்திருப்பார்கள். 1997-இல் சியாட்டிலிலேயே 41-35. அந்த ஒரு வெற்றி, 1931-க்குப் பிறகு முதல் முறையாக உங்களை ரோஸ் பௌல் என்ற புத்தாண்டுப் பெரிய ஆட்டத்துக்குக் கூட்டிப்போனது. அங்கே மிஷிகனிடம் தோற்றீர்கள், அது வேறு கதை. பதினோரு ஆட்டம் தோற்றாலும் பன்னிரண்டாவதில் பங்காளியை வீழ்த்திவிட்டால் வருடம் பிழைத்தது என்று இருந்தவர்கள் நீங்கள்.

இப்போது அதே ஆட்டம் செப்டம்பரில் நடக்கிறது. குளிர் இல்லை, கணக்குத் தீர்ப்பதும் இல்லை. சீசன் சூடே பிடிக்காத நேரத்தில் யாருக்கு யார் என்ன கெடுத்துவிட முடியும்? ஆட்டம் இருக்கிறது, அதற்குரிய நாள் போய்விட்டது. பொங்கலை ஆவணியில் வைத்தால் கரும்பு கிடைக்கலாம். ஆனாலும் பொங்கல் வந்த மாதிரி இருக்குமா? உங்கள் சனிக்கிழமை எரிச்சலுக்குக் காரணம் இதுதான் என்பது என் ஊகம். டிவி கான்ட்ராக்ட் என்று மகள் சொல்வது சரி. அந்தக் கான்ட்ராக்ட் எதைத் தொட்டது என்பது அவளுக்குத் தெரியாது. அவள் கல்லூரிக்குள் நுழைந்தபோதே ஆப்பிள் கப் செப்டம்பருக்கு வந்துவிட்டது.

என் மைத்துனர் மகன் ஒருவன் டெக்ஸஸ் ஏ அண்ட் எம்மில் படித்தவன். இந்த விளையாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அவன் கற்றுக்கொடுத்தது. அவர்களுக்குப் பங்காளி ஆஸ்டினில் இருக்கும் டெக்ஸஸ் பல்கலைக்கழகம். 2011 தேங்க்ஸ்கிவிங் அன்று கடைசி நொடி உதையில் 27-25 என்று டெக்ஸஸ் ஜெயித்தது. அடுத்த வருடம் ஏ அண்ட் எம் வேறு கான்ஃபரன்ஸுக்குப் போய்விட, ஆட்டம் நின்றது. பன்னிரண்டு சீசன் நின்றது. இவன் சேர்ந்தது 2012, முடித்தது 2016. படித்த நான்கு வருடத்தில் பங்காளியோடு ஒரு ஆட்டம்கூடப் பார்க்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், அவர்கள் மைதானத்தில் பாடும் போர்ப்பாட்டில் டெக்ஸஸைத் திட்டுவதற்கென்றே வரிகள் உண்டு. எதிரே வேறு யாரோ ஆடிக்கொண்டிருக்க, இல்லாத எதிரியைத் திட்டி ஒரு லட்சம் பேர் தோளோடு தோள் கோத்து ஆடுவார்களாம். 2024 நவம்பர் 30-ஆம் தேதி டெக்ஸஸ் திரும்பி வந்தது. ஏ அண்ட் எம் 17-7 என்று தோற்றது. அன்று இரவு அவனிடம் பேசினேன். தோற்றவன் குரல் மாதிரியே இல்லை. “வந்துட்டானுங்க மாமா” என்றான், அவ்வளவுதான்.

கான்சஸும் மிசூரியும் அப்படித்தான். 2012-இல் மிசூரி வேறு கான்ஃபரன்ஸுக்குப் போன கோபத்தில் கான்சஸ் பல வருடம் முகம் கொடுக்கவே இல்லை. ஃபுட்பாலில் மறுபடி மோதியது 2025-இல்தான். பதிமூன்று சீசன் வீம்பு. யாருக்கு லாபம்? எந்த டிவி நிறுவனமும் அதற்காகக் கண் கலங்கியதாகத் தெரியவில்லை.

உங்கள் பக்கம் அந்த வீம்பு இல்லை. ஆப்பிள் கப்பைத் தொடர 2028 வரை ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். அது உங்கள் கல்லூரி செய்த புத்திசாலித்தனமான வேலை, குறைத்து மதிக்காதீர்கள். 1959-லும் இப்படி ஒன்று நடந்ததே, தெரியுமா? பழைய பசிபிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ் பண விவகாரங்களில் நாறிக் கலைந்தபோது, பெரிய கல்லூரிகள் புதிதாக ஒன்று தொடங்கி வாஷிங்டன் ஸ்டேட்டை வெளியே நிறுத்தின. 1962-இல்தான் உள்ளே விட்டார்கள். வெளியே நின்ற அந்த வருடங்களிலும் வாஷிங்டனுடன் ஆட்டம் நடந்தது. ஆக, பங்காளி உங்களைத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போய்ச் சாப்பிட்டது இது இரண்டாவது முறை.

இனி கொஞ்சம் கசப்பான பகுதி. கோபம் நியாயம். 2023 ஆகஸ்ட் 4-ஆம் தேதி ஒரே நாளில் ஐந்து கல்லூரிகள் கிளம்பின. அதில் ஒரிகனும் வாஷிங்டனும் போன பிக் டென்னில் டிவிப் பணத்தில் முழுப் பங்குகூட இல்லாமல், குறைத்துக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போயின. உங்களை யாரும் கூப்பிடாததற்குக் காரணம் ஆட்டம் மோசம் என்பதல்ல. புல்மனைச் சுற்றி டிவி பார்ப்பவர்களைவிடக் கோதுமைக் கதிர் அதிகம். ஆனால் ஒன்றை மனதில் கை வைத்துச் சொல்லுங்கள். அன்று பிக் டென்னிலிருந்து உங்கள் கல்லூரிக்கு ஃபோன் வந்திருந்தால்? ஒரிகன் ஸ்டேட்டுக்குத் துணையாக இங்கேயே இருக்கிறோம் என்று சொல்லியிருப்பார்களா? எனக்கு நம்பிக்கையில்லை.

நான் ஊகித்துப் பேசவில்லை, அடுத்த வருடமே நடந்ததைப் பார்த்துத்தான் சொல்கிறேன். நீதிமன்றம் போய்க் கான்ஃபரன்ஸின் கட்டுப்பாட்டை வாங்கிக்கொண்ட நீங்கள் இருவரும், 2024 செப்டம்பரில் என்ன செய்தீர்கள்? மவுன்டன் வெஸ்ட் என்ற கான்ஃபரன்ஸிலிருந்து பாய்ஸி ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் டியகோ ஸ்டேட், பின்னாலேயே யூட்டா ஸ்டேட் என்று ஐந்து கல்லூரிகளை 2026-க்கு இழுத்துக்கொண்டீர்கள். நடுத்தெருவில் நின்ற உங்களுக்கு அந்த சீசனில் ஆட ஆள் கொடுத்ததே அந்த மவுன்டன் வெஸ்ட்தான். வையோமிங் என்று ஒரு கல்லூரி அங்கேயே நிற்கிறது. கொலராடோ ஸ்டேட் அவர்களுக்குப் பக்கத்து ஊர்ப் பங்காளி, 1899-இலிருந்து மோதுகிறார்கள், ஜெயிப்பவருக்கு வெண்கலத்தில் ஒரு பூட்ஸ். இனி அவர்கள் ஒரே கான்ஃபரன்ஸில் இல்லை. வையோமிங் கல்லூரி இருக்கும் லாரமி ஊரில் உங்களை மாதிரியே ஐம்பத்து மூன்று வயதில் ஒருவர் இப்போது உங்கள் கல்லூரியைத் திட்டிக்கொண்டிருப்பார். பிழைக்க வேறு வழியில்லை என்பீர்கள். உண்மைதான். வாஷிங்டனும் அதையேதான் சொன்னது.

கோபத்தை விடச் சொல்லவில்லை. வாஷிங்டன் மாணவர்கள் மேலிருந்து, அதிலும் குறிப்பாக உங்கள் வீட்டில் இருக்கும் ஒரு மாணவி மேலிருந்து, எடுத்து வேறு எங்காவது வையுங்கள்.

நன்கொடை உங்கள் பணம், உங்கள் இஷ்டம். நிறுத்தினால் வலிப்பது புல்மனுக்குத்தான், ஓடிப்போனவர்களுக்கு இல்லை. விளையாட்டுக்குத் தர மனமில்லை என்றால் நூலகத்துக்கோ உதவித்தொகைக்கோ என்று குறிப்பிட்டு அனுப்பலாம். இதில் நீளமாகப் பேச ஒன்றுமில்லை.

தலைமுழுகலாமா? முடியாது. உங்களுக்கு ‘ஓல் கிரிம்சன்’ கொடி தெரிந்திருக்கும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சனிக்கிழமை காலை நாட்டின் ஏதோ ஒரு கல்லூரி ஊரிலிருந்து ஈ.எஸ்.பி.என். விளையாட்டுச் சானல் ஒரு நிகழ்ச்சி நடத்தும். பின்னால் நிற்கும் கூட்டத்தில், 2003-இலிருந்து, எந்த ஊராக இருந்தாலும், வாஷிங்டன் ஸ்டேட்டின் சிவப்புக் கொடி ஒன்று ஆடிக்கொண்டிருக்கும். ஆடுவது அலபாமாவும் ஜார்ஜியாவுமாக இருக்கும், இவர்களுக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. கொடியைக் கைக்குக் கை அனுப்பி, அந்தந்த ஊரில் இருக்கும் பழைய மாணவர்கள் போய் நின்று ஆட்டுவார்கள். நிகழ்ச்சி புல்மனுக்கு வந்தது 2018-இல். கொடி அதற்காகப் பதினைந்து வருடம் ஊர் ஊராக அலைந்தது. கான்ஃபரன்ஸ் உடைந்த பிறகும் அது இறங்கவில்லை. இந்தக் கூட்டத்தில் ஒருவராக 30 வருடம் இருந்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்தால் போய்விடும் என்றா நினைக்கிறீர்கள்?

மகள் விஷயம் இருக்கட்டும் என்று கடைசிக்கு வைத்தேன். 2024-இல் சேர்ந்தவள் என்றால் 2028-இல் முடிப்பாள். ஆப்பிள் கப் ஒப்பந்தமும் 2028 வரைதான். 2024-இல் சியாட்டிலில், கடைசியில் கோட்டுக்கு ஒரு கஜம் முன்னால் அவர்களை நிறுத்தி, 24-19 என்று நீங்கள் ஜெயித்தபோது அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லையே. 2025-இல் உங்கள் ஊரிலேயே 59-24 என்று வாங்கிக்கட்டிக்கொண்டதையும் எழுதவில்லை, அது ஏன் என்று புரிகிறது. வெளியே பறிபோன பங்காளிச் சண்டை, நல்ல ரத்தமும் சதையுமாக உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கே வந்திருக்கிறது. இது எத்தனை பேருக்கு வாய்க்கும்? அவளுக்கு அது வெறும் டிவி கான்ட்ராக்ட் என்றால், 1997 நவம்பர் ஆட்டத்தை யாரும் அவளுக்கு ஒழுங்காகச் சொல்லவில்லை என்று அர்த்தம். புலம்பலாகச் சொல்லாதீர்கள், வம்பாகச் சொல்லுங்கள். 1959-இல் அவள் கல்லூரி செய்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அடுத்த ஆப்பிள் கப்புக்கு இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டு, அவரவர் நிறத்தில் உடுத்திக்கொண்டு போங்கள். போகும்போது உங்கள் கல்லூரிப் பால்பண்ணையில் டின்னில் அடைத்து விற்கிறார்களே, கூகர் கோல்ட் சீஸ், அதில் ஒன்றைக் கொண்டுபோய் அவள் அறையில் வையுங்கள். டின் திறக்கும் கருவி அங்கே இருக்காது, அதையும் நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள்.