தொடர்புப் படிவமும் திருட்டுத் தபாலும்: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் 'காண்டாக்ட் ஃபார்ம்' பற்றிய கேள்விகள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: எங்கள் ஜவுளிக்கடைத் தளத்தில் பெயர், மின்னஞ்சல், செய்தி என்று மூன்றே பெட்டிகள். பெறுநர் முகவரியை சர்வரில் ஓடும் பிஎச்பி கோடிலேயே எழுதிவிட்டேன். ஆனாலும் எங்கள் கணக்கிலிருந்து ஸ்பேம் போகிறது என்று ஹோஸ்டிங்காரர்கள் தளத்தை முடக்கிவிட்டார்கள். எப்படி?

பெறுநர் வரியைப் பூட்டிவிட்டீர்கள், சரி. அனுப்புநர் வரி திறந்தே கிடக்கிறது. வாடிக்கையாளர் தட்டும் முகவரியை உங்கள் கோடு அப்படியே 'ஃப்ரம்' தலைப்பில் (அனுப்புநர், பெறுநர் போன்ற விவரங்கள் வரும் மெயிலின் மேல்வரிகளில் ஒன்று) ஒட்டுகிறது. மெயிலில் ஒரு தலைப்பு எங்கே முடிகிறது என்பதை வரிமுறிவை வைத்துத்தான் சர்வர் அறியும். அந்தப் பெட்டியில் இப்படி வந்தால்?

யாரோ@ஏதோ.காம்
பிசிசி: முதல் ஆள், இரண்டாம் ஆள், மூன்றாம் ஆள்...

இரண்டாவது வரி சர்வருக்கு இன்னொரு தலைப்பு. பிசிசி (மற்றவர்களுக்குத் தெரியாமல் அனுப்பும் பிரதி) என்பதால் உங்களுக்கு வரும் பிரதியில் அந்தப் பட்டியல் இருக்காது. மருந்து விளம்பரம் ஒன்று இன்பாக்ஸில் கிடக்கும், நீங்களும் குப்பை என்று அழித்திருப்பீர்கள். அதே நேரத்தில் அது இன்னும் நூறு பேருக்குப் போயிருக்கும்.

ஒற்றை வரிப் பெட்டியில் என்டர் தட்ட முடியாதே என்பீர்கள். பிரவுசரில் முடியாதுதான். ஆனால் ஸ்பேமர் பிரவுசர் வழியாக வருவதில்லை. கர்ல் மாதிரி ஒரு கருவியை வைத்து நேரே சர்வருக்கு போஸ்ட் செய்கிறான். அங்கே வரிமுறிவு என்பது சதவீதக் குறி, பூஜ்யம், ஏ என்று மூன்றே எழுத்து.

தலைப்புக்குள் போகிற எதிலாவது (பெயர், மின்னஞ்சல், பொருள்) சிஆரோ எல்எஃபோ (இரண்டும் வரிமுறிவுக் குறிகள்) இருந்தால் மொத்தக் கோரிக்கையையும் நிராகரியுங்கள். அதைச் சுத்தம் செய்து அனுப்பிப் பார்க்கும் வேலை வேண்டாம். தன் பெயருக்கு நடுவே என்டர் தட்டும் வாடிக்கையாளரை நான் இதுவரை பார்த்ததில்லை. அப்புறம், ஃப்ரம் வரியில் உங்கள் டொமைன் முகவரியே இருக்கட்டும். வாடிக்கையாளர் முகவரியை, பதில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் 'ரிப்ளை டூ'வில் போடுங்கள். அடுத்தவர் டொமைன் பெயரில் அனுப்பினால் எஸ்பிஎஃப், டிமார்க் சோதனைகளில் (மெயில் உண்மையிலேயே அந்த டொமைனிலிருந்து வந்ததா என்று பார்ப்பவை) மாட்டி நல்ல விசாரணைகளும் ஸ்பேம் பெட்டிக்குப் போய்விடும். ரிப்ளை டூவும் ஒரு தலைப்புதான், அதற்கும் அதே சோதனை உண்டு.

கேள்வி: பிரவுசரிலேயே ஜாவாஸ்கிரிப்டில் சோதித்தால் போதாதா?

போதாது. மேலே சொன்ன ஸ்பேமர் உங்கள் ஜாவாஸ்கிரிப்டைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. வந்திருப்பது மனிதரா என்று பார்க்கும் கூகுளின் ரீகேப்ட்சாவும் இப்படித்தான். பக்கத்தில் பெட்டியை வைத்துவிட்டு, வந்த டோக்கனை சர்வரிலிருந்து கூகுளிடம் சரிபார்க்காமல் விட்டால் அது வெறும் அலங்காரம்.

கேள்வி: மூன்று கிளைகள் இருப்பதால் பெறுநர் முகவரியை ஹிட்டன் ஃபீல்டில் (படிவத்தில் கண்ணுக்குத் தெரியாத பெட்டி) வைத்திருக்கிறோம். பரவாயில்லையா?

வேண்டவே வேண்டாம். நேரே போஸ்ட் செய்கிறவன் அதையும் இஷ்டப்படி மாற்றலாம். மேட் ரைட் 1995இல் வெளியிட்ட ஃபார்ம்மெயில் என்ற பெர்ல் ஸ்கிரிப்ட் உலகமெங்கும் ஸ்பேமர்களுக்குப் பயன்பட்டது இந்த வழியில்தான். படிவத்தில் 1, 2, 3 என்று கிளை எண் மட்டும் வரட்டும். எந்த எண்ணுக்கு எந்த முகவரி என்பது சர்வரில் இருக்கட்டும்.

கேள்வி: பெயர்ப் பெட்டியில் யூனிகோட் 'லெட்டர்' வகை மட்டும் என்று ரெஜெக்ஸ் (எந்த எழுத்துகள் வரலாம் என்று சோதிக்கும் விதி) போட்டேன். 'கவிதா' என்று தமிழில் எழுதினால் ஏற்க மறுக்கிறது.

நம் கண்ணுக்குக் கவிதா மூன்றெழுத்து. யூனிகோடுக்கு ஐந்து குறிகள்: க, வ, இகரக் குறி, த, கால். இவற்றில் க, வ, த மட்டுமே லெட்டர். இகரக் குறியும் காலும் 'மார்க்' வகை; மெய்யெழுத்தின் புள்ளியும் அப்படியே. லெட்டரோடு மார்க்கையும் சேருங்கள், பிஎச்பி என்றால் ரெஜெக்ஸின் பின்னால் யு கொடியும் (யூனிகோடாகப் படி என்று சொல்லும் எழுத்து) வேண்டும். இனிஷியலுக்கான புள்ளியையும் இடைவெளியையும் மறந்துவிடாதீர்கள்.

நீள வரம்பிலும் இதே சிக்கல் உண்டு. யூனிகோடைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். பைட்டை எண்ணும் ஃபங்ஷன் கவிதாவுக்கு 15 என்று சொல்லும். வரம்பை 30 என்று வைத்தால் சுப்பிரமணியன் உள்ளே வர முடியாது: 13 குறி, 39 பைட்.

ரெஜெக்ஸைத் திறந்ததுதான் திறந்தீர்கள், கடைசியில் முடிவைக் குறிக்கும் டாலர் குறி இருக்கிறதா என்று பாருங்கள். பிஎச்பியில் சும்மா விட்டால் அது இறுதியில் வரும் ஒரு வரிமுறிவைக் கண்டுகொள்ளாது. பெரிய டி கொடி போட்டால் சரியாகிவிடும். ரூபியில் இன்னும் மோசம், அங்கே டாலர் ஒவ்வொரு வரியின் முடிவுக்கும் பொருந்தும்.

கேள்வி: செய்தி வந்ததும் 'அன்புள்ள இன்னாருக்கு, நன்றி' என்று தானாகவே பதில் போகிறது. முகவரியைச் சோதித்துத்தான் அனுப்புகிறோம்.

முகவரி செல்லுபடியானதுதான், ஆனால் யாருடையது? பெயர்ப் பெட்டியில் விளம்பரமும் லிங்க்கும், மின்னஞ்சல் பெட்டியில் முன்பின் தெரியாத ஒருவரின் முகவரியும் போட்டால், உங்கள் டொமைன் பெயரில், டிகிம் கையொப்பத்தோடு (உங்கள் டொமைன் அனுப்பியதுதான் என்ற முத்திரை) அந்த விளம்பரம் அவருக்குப் போய்ச் சேரும். எந்த வாலிடேஷனும் இதை முழுசாகத் தடுக்காது. பதிலில் வாடிக்கையாளர் தட்டிய ஒரு சொல்கூட இருக்க வேண்டாம். ஒரு ஐபிக்கு மணிக்கு இத்தனை என்று வரம்பும் வையுங்கள். என்னைக் கேட்டால் தானியங்கிப் பதிலையே நிறுத்திவிடலாம். 'செய்தி கிடைத்தது' என்று திரையில் காட்டினால் யாருக்கு என்ன குறை?

கேள்வி: மெயில் அனுப்பும் ஆயத்தக் கோடான பிஎச்பிமெய்லர் போட்டால் இதெல்லாம் வேண்டாமே?

வரிமுறிவை அது பார்த்துக்கொள்ளும், தாராளமாகப் போடுங்கள். ஆனால் போட்டதோடு மறந்துவிடாதீர்கள். 2016 டிசம்பரில் அதிலேயே ஓட்டை வெளிவந்தது: அனுப்புநர் முகவரி வழியாக, சர்வரில் மெயில் அனுப்பும் சென்ட்மெயிலுக்குக் கூடுதல் கட்டளைகளைத் திணித்து சர்வரிலேயே கோடு ஓட்ட முடிந்தது. 5.2.18 பதிப்பில் செய்த திருத்தம் போதாமல் 5.2.20 வரை போக வேண்டியிருந்தது.

கேள்வி: எல்லாம் செய்தாயிற்று. இன்னமும் 'உங்கள் தளத்தை கூகுளில் முதலிடத்துக்குக் கொண்டுவருகிறோம்' என்று வந்துகொண்டே இருக்கிறதே?

மனிதர்கள் உட்கார்ந்து தட்டியதாக இருக்கும். பாட் (தானாக ஓடும் நிரல்) என்றால் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஹனிபாட் பெட்டி வைத்து, அதை நிரப்புவதைக் கொண்டு பிடிக்கலாம். இவர்களை டிலீட் பட்டன்தான் பிடிக்கும்.