பேஸ் கிட்டாரில் ஸ்லாப்: மலைக்காரங்க கேட்டதும் பதிலும்

நீலகிரியிலிருந்தும் கொடைக்கானல் பக்கமிருந்தும் வந்த கேள்விகள் கீழே. ஸ்லாப்னா பெருவிரலால ஸ்ட்ரிங்கை அடிக்கறதும் (தம்ப்), விரலால இழுத்து விடறதும் (பாப்) சேர்ந்த வாசிப்பு. நாலு ஸ்ட்ரிங், ஈ ஏ டி ஜி டியூனிங், 34 இன்ச் ஸ்கேல் (ஸ்ட்ரிங் அதிர்ற நீளம்) உள்ள பேஸை மனசுல வெச்சு எழுதியிருக்கேன். அஞ்சு ஸ்ட்ரிங்காரங்க பி ஸ்ட்ரிங்கைச் சத்தம் வராம மியூட் பண்ணிட்டுப் படிங்க.

கோத்தகிரி: அண்ணா, தம்ப் அடிச்சா 'டொக்'னுதான் வருது, நோட் வரல. பெருவிரல் வீங்கற அளவுக்கு அடிச்சுப் பாத்துட்டேன்.

ஓங்கி அடிக்காதீங்க. இன்னிக்கு இதை இன்னும் நாலு தடவை சொல்லுவேன்னு நினைக்கறேன்.

ஸ்லாப்ல கேக்கற அந்த உலோகச் சத்தம் விரலோடது இல்லை. ஸ்ட்ரிங் போய் கடைசி ஃப்ரெட்ல (கழுத்துல குறுக்கே பதிச்ச உலோகக் கம்பி) மோதற சத்தம். ஸ்ட்ரிங்கைத் தள்ளிவிட்டு அந்தக் கணமே விலகறதுதான் விரலோட வேலை. விரல் அங்கயே உக்காந்துட்டா மோதின சத்தம் மட்டும் மிஞ்சும், நோட் செத்துடும். உங்களுக்கு நடக்கறது இதுதான். பலம் கூடக் கூட விரல் இன்னும் அழுந்தி உக்காரும், அதனால நிலைமை மோசமாத்தான் ஆகும்.

இடத்தைப் பாருங்க. ஃப்ரெட்போர்டு முடியற இடம், கடைசி ரெண்டு ஃப்ரெட்டுக்கு நேர். பிக்கப்புக்கு (ஸ்ட்ரிங் அதிர்வை மின்சாரமா மாத்தற காந்தப் பட்டை) மேல அடிச்சா ஸ்ட்ரிங் மோத ஃப்ரெட் கிடையாது, ஸ்ட்ரிங் அடியில மாட்டியிருக்கற பிரிட்ஜ் பக்கம் போகப் போக ஸ்ட்ரிங்கும் விறைப்பா இருக்கும். விரல்ல படவேண்டியது பெருவிரல் மூட்டோட பக்கவாட்டு எலும்பு. நுனிச் சதையில அடிச்சா மந்தமாத்தான் வரும்.

அசைவு முழங்கையிலிருந்து வரக்கூடாது. மணிக்கட்டை மேலயும் கீழயும் ஆட்டறதும் இல்லை. பூட்டுல சாவியைத் திருப்பற மாதிரி முன்கை உருளணும். பெருவிரல் ஸ்ட்ரிங்கை விட்டு 3, 4 செ.மீ. விலகினாப் போதும். அதுக்கு மேல தூக்கினா வேகம் கூட்டும்போது தாளம் பின்னாடி இழுக்கும்.

தாளம் தட்டற மெட்ரோனோமை நிமிஷத்துக்கு 60-ல வெச்சு, எந்த ஃப்ரெட்டையும் அழுத்தாம ஓப்பன் ஈ ஸ்ட்ரிங்கை கிளிக்குக்கு ஒண்ணா ரெண்டு நிமிஷம் அடிங்க. ஒவ்வொரு அடியும் ஒரே அளவு சத்தமா, அடுத்த கிளிக் வரைக்கும் நோட் நீண்டு கேக்குதான்னு பாருங்க. அது வந்த பிறகுதான் ஏ ஸ்ட்ரிங். அங்க அடிக்கும்போது ஈ ஸ்ட்ரிங்கும் உரசும். இடது கை ஆள்காட்டி விரல் நுனியால ஈயைத் தொட்டுக்கிட்டே இருங்க, அழுத்தக்கூடாது. ஸ்லாப்ல பாதி வேலை இடது கைக்கு. வலது கையையே பாத்துக்கிட்டு இருக்கறவங்க வாசிப்பு எப்பவும் இரைச்சலாத்தான் கேக்கும்.

குன்னூர்: பாப் பண்றப்ப விரல் ஸ்ட்ரிங்குல மாட்டிக்குது. ஜி ஸ்ட்ரிங் ஒருவாட்டி அறுந்தே போச்சுங்கண்ணா.

விரலை ரொம்ப உள்ள விடறீங்க. ஆள்காட்டி விரல் நுனியில 2, 3 மி.மீ. மட்டும் ஸ்ட்ரிங்குக்கு அடியில போனாப் போதும். இழுக்கற வேலையை விரல் செய்யக்கூடாது. தம்ப் அடிச்ச பிறகு முன்கை திரும்பி வருதில்லையா, அந்தத் திரும்பற அசைவே ஸ்ட்ரிங்கைத் தூக்கிட்டுப் போயிடும். தம்ப்பும் பாப்பும் ரெண்டு தனி வேலை இல்லை, ஒரே உருட்டலோட போக்கும் வரவும்.

ஆக்டேவ்ல, அதாவது ஒரு நோட்டும் அதோட மேல் ஸ்தாயியுமாப் பழகுங்க. ஈ ஸ்ட்ரிங் 3-வது ஃப்ரெட் தம்ப், டி ஸ்ட்ரிங் 5-வது ஃப்ரெட் பாப், ரெண்டுமே ஜி நோட். அடுத்து ஏ ஸ்ட்ரிங் 3, ஜி ஸ்ட்ரிங் 5, அது சி. பாப் தம்ப்பை விடச் சத்தமா இருந்தா குறைக்க வேண்டியது பாப்பைத்தான். ஆம்ப்ளிஃபையர்ல டிரபிளைக் குறைச்சு மறைக்காதீங்க.

வெலிங்டன்: ஸ்லாப்புக்குன்னே எந்த பேஸ் வாங்கலாம் சார்?

ஸ்லாப்புக்குன்னே எதுவும் வாங்க வேண்டாம். ரெண்டு சிங்கிள் காயில் (ஒத்தைக் கம்பிச்சுருள்) பிக்கப் இருக்கற ஜாஸ் பேஸ் வகை நல்லது. ரெண்டு வால்யூமையும் முழுசா வெச்சா நடு ஒலி கொஞ்சம் குழிஞ்சு, ஸ்லாப்புக்குப் பழக்கமான அந்தச் சத்தம் தானா வரும், 'ம்ம்'னு வர்ற ஹம்மும் குறையும். 24 ஃப்ரெட் பேஸ் வாங்கறதுக்கு முன்னாடி கடையில பாப் பண்ணிப் பாருங்க. ஃப்ரெட்போர்டு முடிவுக்கும் பிக்கப்புக்கும் நடுவுல விரல் போக இடம் குறுகிடும். 20, 21 ஃப்ரெட் பேஸ்ல அந்தத் தொல்லை கிடையாது.

உதகை: ஸ்ட்ரிங் மந்தமாயிடுச்சு. புது செட் வாங்கக் கோவை போகணும். கொதிக்கிற தண்ணியில போட்டா பளிச்சுனு ஆகும்ங்கறாங்க, நிஜமா?

நிஜம், ஆனா சில நாளைக்குத்தான். ரவுண்ட்வுண்ட் ஸ்ட்ரிங்ல (உள்கம்பி மேல உருண்டைக் கம்பி சுத்தினது) சுத்துக்கம்பி இடுக்குல வியர்வையும் தோல் அழுக்கும் ஏறி அடைச்சுக்கும். மேல் ஒலிகள் அதுல அமுங்கிடும். வெந்நீர் அந்த அழுக்கை இளக்கிவிடும். ஃப்ரெட்ல தேஞ்சு பள்ளம் விழுந்த இடத்தை எந்தத் தண்ணியும் சரி பண்ணாது. ஸ்ட்ரிங்கை வளையமாச் சுத்தி 10 நிமிஷம் போட்டு எடுத்து, உடனே துணியால துடைங்க.

கொடைக்கானல்: இதை ஒத்துக்க முடியாதுங்க. தண்ணி உள்ள போனா உள்ள இருக்கற கோர் கம்பி துருப்பிடிக்கும். ஸ்பிரிட்ல ஊறப்போடறதுதான் சரி.

மலையில இருக்கறவங்களுக்கு நீங்க சொல்றது பெரும்பாலும் சரி. சமவெளியில வெயில்ல அரை மணி நேரம் போட்டா காஞ்சிடும். ஜூலையில உதகையில வெயிலுக்கு எங்க போறது? சுத்துக்கம்பிக்கு உள்ள நிக்கற ஈரம் வெளிய வர நாளாகும், அதுக்குள்ள துரு ஆரம்பிச்சிடும். ஸ்பிரிட் தானா ஆவியாகிடும். ஒரு பக்கம் மூடின பி.வி.சி. குழாய்ல ஸ்ட்ரிங்கை நீளமா விட்டு ஸ்பிரிட் ஊத்தி, மறு மூடியும் போட்டு ராத்திரி பூரா வெச்சு, காலையில துடைச்சா ஆச்சு.

ஒரே எச்சரிக்கை: ஸ்பிரிட் தீப்பிடிக்கும். குளிருக்கு கரியடுப்போ ஹீட்டரோ ஓடற ரூம்ல அந்தக் குழாயைத் திறக்கவே கூடாது.

வெலிங்டன்: சார், இங்க தண்ணி 100 டிகிரிக்குப் போறதே இல்லையே. அப்ப பிரஷர் குக்கர்ல போட்டா?

இந்தக் கேள்வி வரும்னு எதிர்பாக்கல. உதகை 2,240 மீட்டர். அந்த உயரத்துல தண்ணி சுமார் 92, 93 டிகிரியிலயே கொதிச்சிடும். வெலிங்டன் தாழ்வா இருக்கறதால ஒண்ணு ரெண்டு டிகிரி கூட. பருப்பு வேகறதுக்கு அது பெரிய வித்தியாசம். ஸ்ட்ரிங் வேகறதில்லை, அழுக்கு இளகினாப் போதும், அதுக்கு 92 தாராளம். குக்கர் வேண்டாம். நிக்கல் பூசின கம்பியும் பத்து பேரோட விரல் அழுக்கும் போன பாத்திரத்துல சாம்பார் வைக்காதீங்க. பழைய பாத்திரம் ஒண்ணை இதுக்குன்னே ஒதுக்கிடுங்க.

கொடைக்கானல்: குக்கர் விஷயம் இருக்கட்டும். கொதிக்க வெச்சா ஸ்ட்ரிங் பலம் போயிடாதா?

சூட்டால போகாது. எஃகுக்கு 100 டிகிரி ஒண்ணுமே இல்லை. கழட்டிக் கழட்டி மாட்டறதாலதான் போகும். டியூனிங் போஸ்ட்ல வளைஞ்ச இடம் நிமிர்ந்து திரும்ப வளையும்போது உலோகம் சோர்ந்து அங்கயே அறும். ஸ்பிரிட்ல ஊற வெச்சாலும் இதே கதைதான். ஒரு செட்டை ரெண்டு தடவைக்கு மேல கழட்டாதீங்க. குன்னூர் தம்பி, உங்க ஜி ஸ்ட்ரிங் எங்க அறுந்துச்சு? போஸ்ட் பக்கம்னா பாப் மேல மட்டும் பழி போடாதீங்க.

உதகை: அப்ப கடைசியா என்னதான் பண்ணட்டும்?

வாசிச்சு முடிச்சதும் காஞ்ச துணியால ஒவ்வொரு ஸ்ட்ரிங்கையும் அடிப்பக்கம் சேத்துத் துடைங்க. பேஸை சுவத்துல மாட்டாம பைக்குள்ள சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட வையுங்க. அடுத்த செட் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்குங்க, தடிமன் (இன்ச்சுல ஆயிரத்துல ஒரு பங்குக் கணக்கு) 45-105 அல்லது கொஞ்சம் லேசா 40-100. துருவைத் தாங்கும், பளிச்சுனு ரொம்ப நாள் இருக்கும். ஃப்ரெட் கொஞ்சம் சீக்கிரம் தேயும், பெருவிரலும் முதல்ல எரியும். இதோட ஸ்ட்ரிங் சமையலை முடிச்சுக்கலாம். இன்னும் பாதிக் கேள்வி பாக்கி இருக்கு.

கொடைக்கானல்: ஸ்லாப்பைக் கண்டுபிடிச்சது யார்?

பேஸ் கிட்டார்லன்னா அமெரிக்கக் கலைஞர் லேரி கிரஹாம். அம்மாவோட சேர்ந்து வாசிச்ச குழுவுல டிரம்மர் இல்லாமப் போக, பேஸ் டிரம்முக்குப் பதிலாப் பெருவிரல் அடி, ஸ்னேருக்குப் பதிலா விரல் இழுப்புன்னு ஆரம்பிச்சார். அப்புறம் ஸ்லை அண்ட் தி ஃபேமிலி ஸ்டோன் குழுவோட 1960-களின் கடைசியில அது உலகத்துக்கே கேட்டுச்சு. டபுள் பேஸ்ல (நிக்க வெச்சு வாசிக்கற பெரிய பேஸ்) ஸ்லாப் அதுக்கு ரொம்ப முன்னாடியே நியூ ஆர்லியன்ஸ் பக்கம் உண்டு, ஆனா அது வேற கை வேலை. கிரஹாமுக்குப் பிறகு லூயிஸ் ஜான்சன், மார்கஸ் மில்லர், மார்க் கிங்னு வரிசையாக் கேளுங்க. டிரம்முக்குப் பதிலா வந்த வாசிப்புங்கறதை மறக்கலேன்னா எங்க ஸ்லாப் வேணும், எங்க வேண்டாம்னு காதே சொல்லிடும்.

குன்னூர்: நம்ம நீலகிரி படுக பாட்டுக்கு ஸ்லாப் ஒத்து வருமா?

6/8-ல வர்ற ஆட்டப் பாட்டுக்கு நல்லாவே வரும். ஆறு எண்ணிக்கையை இப்படிப் பிரிங்க: 1-ல ரூட் நோட் (அடிப்படைச் சுரம்) தம்ப், 2-ல இடது கை விரல்களை ஸ்ட்ரிங் மேல தட்டறது, 3-ல மியூட் பண்ணின தம்ப், 4-ல ஆக்டேவ் பாப், 5-ல மறுபடி இடது கைத் தட்டு, 6-ல மியூட் தம்ப். 1-ம் 4-ம் மட்டும் நோட்டாக் கேக்கணும், மத்த நாலும் வெறும் தட்டல். முதல்ல 2, 5 இல்லாம வாசிச்சு நிதானம் வந்த பிறகு சேத்துக்கோங்க.

மியூட் பண்றப்ப ஒத்தை விரலை வைக்காதீங்க. 5, 7, 12-வது ஃப்ரெட்டுக்கு நேரா ஒரு விரல் மட்டும் தொட்டா மணி மாதிரி ஹார்மோனிக் கிளம்பும். ரெண்டு மூணு விரலைப் படர வையுங்க. ஆடறவங்க கால் 1-லயும் 4-லயும் விழுதுன்னா அங்க கூடுதலா எதையும் திணிக்காதீங்க.

கோத்தகிரி: ஜனவரியில ஸ்ட்ரிங் ஃப்ரெட்ல உரசி இரையுது, மழைக்காலத்துல ஸ்ட்ரிங் உயரமாயிடுது. பேஸ் கெட்டுப்போச்சா?

இல்லை, மரம் ஈரத்துக்கு அசையுது. ஈரம் ஏறினா நெக் (கழுத்து) முன்னால வளையும், வறண்டா பின்னால போகும். உங்க பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழைதான் அதிகம், உதகைக்கு ஆனி, ஆடி. அவங்கவங்க மழை முடிஞ்ச பிறகு ஒரு தடவை பாத்துக்கணும்.

ஈ ஸ்ட்ரிங்கை 1-வது ஃப்ரெட்லயும் கடைசி ஃப்ரெட்லயும் அழுத்திப் பிடிச்சு 7, 8-வது ஃப்ரெட் பக்கம் இடைவெளியைப் பாருங்க. 0.3 மி.மீ., ஒரு விசிட்டிங் கார்டு நுழையற அளவு. நெக்குக்குள்ள வளைவைச் சரி பண்ற டிரஸ் ராடை கால் சுத்துக்கு மேல ஒரே மூச்சுல திருப்பாதீங்க. திருப்பிட்டு மறுபடி டியூன் பண்ணி, ஒரு நாள் விட்டுப் பாருங்க. இறுகினா வம்பு பண்ணாம ரிப்பேர்காரர்கிட்ட கொடுத்துடுங்க. ஆக்ஷன் (ஃப்ரெட்டுக்கு மேல ஸ்ட்ரிங் உயரம்) 12-வது ஃப்ரெட்ல ஈக்கு 2 மி.மீ., ஜிக்கு 1.5 மி.மீ. சுமாரா இருந்தா ஸ்லாப்புக்குச் சுகம்.

உதகை: டபுள் தம்ப்ல ஆரம்பிக்கலாமா?

வேண்டாம். அதுல பெருவிரல் ஸ்ட்ரிங்கைத் தாண்டி அடுத்த ஸ்ட்ரிங்ல போய் நின்னு, திரும்பி வரும்போது மேல்நோக்கி இன்னொரு நோட் எடுக்கும். விக்டர் வூட்டன் வாசிப்புல கேக்கறது அதுதான். சாதாரண தம்ப் மெட்ரோனோம் 100-ல, கிளிக்குக்கு ரெண்டா (எட்டாம் நோட்டா) சீரா வந்த பிறகு தொடுங்க.

மேட்டுப்பாளையம்: ஸ்லாப்புக்கு நல்ல பேஸ் எது?

மேல வெலிங்டன்காரருக்குச் சொல்லியிருக்கேன். மேட்டுப்பாளையத்துலயும் அதே பேஸ்தான்.

கூடலூர்: எத்தனை மாசத்துல வரும்?

தினம் 20 நிமிஷம் மெட்ரோனோமோட உக்காந்தா வரும். மெட்ரோனோம் இல்லேன்னா மாசக் கணக்கே வேண்டாம்.

கோத்தகிரி: சர்ச்ல கொயர் மாஸ்டர் ஸ்லாப் வேண்டாம்ங்கறார்.

அவர் சொல்றதைக் கேளுங்க. கல் கட்டடத்துல எதிரொலி நீளமா இருக்கும், பாப் பூரா ஒண்ணோட ஒண்ணு குழம்பும்.

குன்னூர்: பெரிய பேஸ் வாங்கினா நல்லா அடிக்கலாமா? கொஞ்சம் ஓங்கி அடிச்சா...

ஓங்கி அடிக்காதீங்க.

கொடைக்கானல்: பாப் பண்றப்ப சின்ன ஆம்ப்ளிஃபையர் கரகரங்குது. கம்ப்ரஸர் வாங்கணுமா?

15, 20 வாட் ஆம்ப்ளிஃபையருக்கு பாப்போட முதல் அடியே பாரம். வாங்கறதுக்கு முன்னாடி ஆம்ப்ளிஃபையரோட பேஸ் (அடி ஒலி) நாபைக் கால்வாசி குறைச்சு, கெயினை (உள்ள வர்ற சத்த அளவு) இறக்கிப் பாருங்க. அதுலயே பெரும்பாலும் தீரும். சத்தம் எகிறும்போது அமுக்கற கம்ப்ரஸரை வாங்கினா விகிதம் 4:1, பாப் வர்றப்ப 3 முதல் 6 டெசிபல் வரைக்கும் மட்டும் அமுங்கற மாதிரி வையுங்க. அட்டாக்கை (அமுக்க ஆரம்பிக்கற நேரம்) ரொம்ப வேகமா வெச்சா ஸ்லாப்போட முனையே மழுங்கிடும்.

உதகை: ஆம்ப்ளிஃபையர்ல ஹம் வருது, ஸ்ட்ரிங்கைத் தொட்டா சுரீர்னு இழுக்குது. அந்த ஹம்மை எப்படிப் போக்கறது?

ஸ்ட்ரிங்கைத் தொட்டதும் ஹம் குறைஞ்சா அது சாதாரணம். ஷாக் அடிச்சா அது எர்த் கோளாறு. ஆம்ப்ளிஃபையர் பிளக்கைப் பிடுங்கிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. அதுவரைக்கும் அந்த சாக்கெட்ல எதையும் சொருகாதீங்க, மைக் முன்னாடி நிக்கவே நிக்காதீங்க.

கூடலூர்: மணிக்கட்டு வலிக்குது, எந்த எண்ணெய் தடவலாம்?

எண்ணெய் எனக்குத் தெரிஞ்ச துறை இல்லை. வாசிக்கறதை நிறுத்துங்க, ஒரு வாரத்துல போகலேன்னா டாக்டர். ஸ்ட்ராப் நீளத்தையும் பாருங்க. பேஸ் ரொம்பத் தாழ்ந்து தொங்கினா மணிக்கட்டு மடங்கும். உக்காந்து வாசிக்கும்போது இருக்கற உயரத்துலயே நின்னும் வரணும்.

வெலிங்டன்: விடியக்காலையில விரல் மரத்துப்போகுது. எப்படிப் பழகறது?

வெதுவெதுப்பான தண்ணியில கையை நனைச்சு நல்லாத் துடைச்சு, முதல் அஞ்சு நிமிஷம் சாதாரண விரல் வாசிப்பு, அதுவும் மெதுவா. டியூனிங்கை அதுக்குப் பிறகு பாருங்க. குளிர்ல ஸ்ட்ரிங் சுருங்கிக் கொஞ்சம் ஷார்ப்பா (சுருதி ஏறி) இருக்கும், கை சூடு பட்டதும் இறங்கும்.

கோத்தகிரி: பக்கத்து வீட்ல சத்தம் போடறாங்க.

ஹெட்ஃபோன் போடுங்க. ஆம்ப்ளிஃபையர் இல்லாமலும் ஸ்ட்ரிங் சத்தம் சுவத்துல ஏறும், அதனால பொதுச் சுவர்ல சாஞ்சு உக்காராதீங்க.