உடைத்த மக்காச்சோளமும் காய்ந்த பீன்ஸும் சேர்ந்த தென்னாப்பிரிக்க உணவான உம்ங்குஷோவைப் பிரஷர் குக்கரில் அரை மணி நேரத்தில் சமைத்துவிட முடியாதா?

வேகவைக்க முடியும், ஆனால் குக்கரைத் திறக்கும்போது உள்ளே இருப்பது வெந்த மக்காச்சோளமும் வெந்த பீன்ஸும்தானே தவிர, உம்ங்குஷோவாக இருக்காது. தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் மாகாணத்தில் உள்ள உம்டாட்டாவில் (இன்றைய பெயர் ம்தாதா) பதினோரு ஆண்டுகள் ஆசிரியராக இருந்தேன் என்ற முறையிலும், இந்த உணவை இரண்டு முறை கெடுத்தபின் கற்றுக்கொண்டவன் என்ற முறையிலும் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

கோசா, ஜூலு, சுவாசி, இண்டபெலே ஆகிய இங்கூனி மக்கள் அனைவரும் மக்காச்சோளத்தையும் பயறையும் சேர்த்து வேகவைக்கிறார்கள் என்றாலும், உம்ங்குஷோ என்பது கோசா மொழிப் பெயர். பெயரின் நடுவில், நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி ‘டொக்’கென்று விடுவிக்கும் ஒலி ஒன்று இருக்கிறது, அதைத் தமிழில் எழுத வழியில்லை. குத்துதல் என்னும் பொருளுள்ள வினைச்சொல்லிலிருந்து வந்த பெயர் அது. காய்ந்த மக்காச்சோள மணிகளை மர உரலில் குத்தி, தோலை நீக்கி, மணி இரண்டு மூன்றாக உடையும் அளவோடு நிறுத்திக்கொள்வார்கள். நம் ஊரில் கம்பு குத்திப் புடைத்தவர்களுக்கு அந்த வேலையை விளக்க வேண்டியதில்லை. இன்று அது ‘சாம்ப்’ என்ற பெயரில் கடைகளில் பொட்டலமாகக் கிடைக்கிறது. நெல்சன் மண்டேலாவுக்கு மிகவும் பிடித்த உணவு என்று பரவலாகச் சொல்லப்படுவதும் இதுதான்.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து வீட்டு மூதாட்டி. அங்கே வயதில் மூத்த பெண்களை ‘மாமா’ என்று அழைப்பதே மரியாதை என்பதால், முதல் சில மாதங்கள் அவரைக் கூப்பிட எனக்கு நாக்கு எழவில்லை. அவர் இரண்டு கோப்பை சாம்ப்புக்கு ஒரு கோப்பை சுகர் பீன்ஸ் (ராஜ்மா போன்ற, புள்ளியுள்ள காய்ந்த பீன்ஸ்) என்ற கணக்கில் எடுத்து, கழுவி, இரவு முழுவதும் ஊறவைத்து, காலையில் அந்த நீரைக் கொட்டிவிட்டு, மூன்று கால் இரும்புப் பானையில் புதுத்தண்ணீர் ஊற்றி விறகடுப்பில் ஏற்றுவார். முதல் பத்துப் பதினைந்து நிமிடங்கள் தளதளவென்று நன்றாகக் கொதிக்க வேண்டும். இதை விட்டுவிடக் கூடாது. பீன்ஸில் இயற்கையாகவே உள்ள நச்சுப்பொருள் அந்தக் கொதியில்தான் அழியும் என்பதால், ‘மெதுவாக வேகவைப்பது’ என்பதை மின்சார ஸ்லோ குக்கரில் அப்படியே போட்டுவிடுவது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அதன்பிறகு தீயைக் குறைத்து மூடிவிட்டால், மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். நீர் வற்றும்போதெல்லாம் கொதிநீரையே, அரைக் கோப்பைக்கு மேல் போகாமல், சேர்க்க வேண்டும். குக்கரில் நிகழாதது இந்த இடத்தில்தான் நிகழ்கிறது. நீர் வற்றுவதும் சேர்வதுமாக இருக்க, அவ்வப்போது மரக்கரண்டியால் அடியோடு கிளறக் கிளற, உடைந்த சோளத்தின் மாவுச்சத்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, மணிகளைச் சுற்றிப் பாலாடை போன்ற ஒரு குழைவு உண்டாகிறது. சுகர் பீன்ஸின் மேலிருக்கும் சிவப்புப் புள்ளிகள் மறைந்து, அதன் நிறம் இறங்கிச் சோளம் முழுவதும் இளம்பழுப்பாக மாறும். பானையின் ஒலியும் மாறும்: தொடக்கத்தில் சலசலவென்று இருந்தது, கடைசியில் கூழ் கொதிப்பதுபோல் ‘பொளக், பொளக்’ என்று கேட்கும். அந்த மூதாட்டி மூடியைத் திறக்காமல், இந்த ஒலியை வைத்தே தண்ணீர் ஊற்றும் நேரத்தைச் சொல்லிவிடுவார். இரு விரலுக்கிடையே அழுத்தினால் சோளம் நசுங்க வேண்டும், ஆனால் மணி மணியாகத் தெரியவும் வேண்டும்.

உப்பு, நறுக்கிய வெங்காயம், ஒரு பெரிய கரண்டி வெண்ணெய் எல்லாம் கடைசி அரை மணி நேரத்தில்தான். சிலர் உருளைக்கிழங்கும் மிளகாயும் போடுகிறார்கள். தக்காளியோ எலுமிச்சையோ சேர்ப்பதானால் பீன்ஸ் முழுதும் வெந்த பிறகே சேர்க்க வேண்டும், ஏனெனில் புளிப்பு பட்டால் பீன்ஸ் இறுகி நிற்கும். நான் முதல்முறை கெடுத்தது அப்படித்தான். இரண்டாவது முறை குற்றம் என்னுடையதன்று. கடையில் வாங்கிய பீன்ஸ் பழையது, ஐந்து மணி நேரம் கழித்தும் கூழாங்கல்லைப்போல் கிடந்தது. விருந்தினர்களுக்கு ரொட்டியும் முட்டையும் கொடுத்து அனுப்பினேன். சீரகம், கரம் மசாலா தாளிக்கலாமா என்று கேட்பவர்கள் தாராளமாகத் தாளிக்கலாம். எனக்கு அது பிடிக்கவில்லை, சோளத்தின் இனிப்பு அடங்கிப்போகிறது.

தமிழ்நாட்டில் செய்வதானால், மேலே புள்ளியுள்ள சித்ரா ராஜ்மா சுகர் பீன்ஸுக்கு மிக நெருக்கமானது. சாம்ப்புக்கு ஸ்வீட்கார்ன் உதவாது. நன்றாகக் காய்ந்த மக்காச்சோளத்தை லேசாக நீர் தெளித்து உரலில் குத்திப் புடைத்துக்கொள்ளலாம். அவசரம் என்றால் ஊறவைத்த இரண்டையும் குக்கரில் முக்கால் பதம் வேகவைத்து, அகலமான பாத்திரத்துக்கு மாற்றி, ஒரு மணி நேரமாவது சிறுதீயில் கிளறுங்கள். குழைவு ஓரளவு வந்துவிடும். மிஞ்சினால் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள்; மறுநாள் கட்டியாக இறுகியிருக்கும், கொஞ்சம் வெந்நீர் விட்டுச் சூடாக்கினால் முதல்நாளைவிட நன்றாக இருக்கும்.